சிரிம் ஸ்டிக்கரைப் பார்த்ததும் நம்பிவிடாதீர்கள்: 190 வெள்ளி போயிற்று

பொருள்களைச் சோதித்துத் தரச் சான்று தரும் மலேசிய நிறுவனம் சிரிம். அதன் ஸ்டிக்கரை நம்பி, இரண்டு மோட்டார் சைக்கிள் தலைக்கவசங்களுக்கு 190 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஏமாந்துவிட்டேன். பணம் போனதைவிட, அதில் ஒன்றை மாட்டிக்கொண்டு என் மகன் ஒன்பது நாள் பினாங்குப் பாலத்தைக் கடந்திருக்கிறான் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்தது.

பட்டர்வொர்த் பக்கம், மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம் விற்கும் ஒரு கடை. மகனுக்கும் மருமகளுக்கும் ஆளுக்கொன்று கேட்டேன். 240 என்று தொடங்கியவர் 190க்கு இறங்கினார். அப்போதே எனக்கு உறுத்தியது. “சிரிம் சோதனை முடிந்த சரக்குதானா, தம்பி?” என்றேன். பின்புறம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார், மின்னியது. “நம் பிள்ளைகள் தலையில் போடுவது, அக்கா. இதில் போய்ப் பொய் சொல்வேனா?” அந்தச் சொல்லுக்குத்தான் பையைத் திறந்தேன்.

போன வெள்ளிக்கிழமை, நிறுத்தியிருந்த வண்டியின் இருக்கையிலிருந்து ஒன்று உருண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. இடுப்பளவு உயரம்கூட இல்லை. நெற்றியிலிருந்து காதுவரை விரிசல். உள்ளே இருந்த வெள்ளை நுரை நகம் பட்டாலே உதிர்கிறது.

மகன் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இருக்கிறான். மின்னணுப் பலகைகளைச் சூட்டிலும் குளிரிலும் மணிக்கணக்கில் வைத்து, தேறாததை ஒதுக்குவது அவன் வேலை. அவன்தான் இரண்டு ஸ்டிக்கர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தான். இரண்டிலும் ஒரே வரிசை எண்! ஒவ்வொன்றுக்கும் தனி எண் இருக்க வேண்டும். முறையான தலைக்கவசம் என்றால், மாதிரிகளை உலோகத் தலையில் மாட்டி, உயரத்திலிருந்து இரும்புத் திண்டின் மேல் விழவிட்டு, தலைக்குள் எவ்வளவு அதிர்ச்சி இறங்குகிறது என்று கருவி வைத்து அளப்பார்களாம். சூடாக்கியும் குளிரவைத்தும் அதே அடி. தாடை வாரையும் இழுத்துப் பார்ப்பார்கள். இதை யாரும் ஒரு முறைகூட விழவிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை கடைக்குப் போனால், முதலாளி இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். இன்று போனேன். ரசீது எங்கே என்றார்கள். அவர்கள் எனக்குக் கொடுத்தது கடைப்பெயரோ முத்திரையோ இல்லாத துண்டுச் சீட்டு. அக்கா என்று அழைத்த அதே ஆள், “நீங்களே போட்டு உடைத்துவிட்டு வந்து 190 வெள்ளி கேட்டால் எப்படி அம்மா?” என்றார். இரண்டிலும் ஒரே எண் இருக்கிறதே என்றேன். “அதை சிரிமிடம் போய்க் கேளுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். 190 வெள்ளி என் வீட்டின் ஒரு வாரச் சந்தைச் செலவு.

வரிசை எண்ணைப் பாருங்கள்; இரண்டு வாங்கினால் ஒப்பிடுங்கள். முத்திரையிட்ட ரசீது இல்லாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம். நாளை காலை நான் போகிறேன். மற்றதை எழுத இப்போது மனம் ஓடவில்லை. மகன் இன்றிரவு வேலைக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் போயிருக்கிறான்.