மொட்டை மாடிக்குப் பழகிய கெண்டிச் செடி: இரண்டரை வருட அனுபவம்

2023 பிப்ரவரியில் ஒரு சின்ன நெப்பந்தஸ் செடி வாங்கினேன். பூச்சியுண்ணும் தாவரம் என்று பள்ளிப் பாடத்தில் படம் போட்டிருப்பார்களே, இலை நுனியில் குடுவை தொங்குமே, அதுதான். கெண்டிச் செடி என்றும் சொல்வார்கள். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இன்று அது இடுப்புயரக் கொடியாக, 11 குடுவைகளோடு நிற்கிறது. ஆனால் வந்த முதல் மாதமே அதைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். புதுச் செடியை வாங்கி வெளியே வைக்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் எந்தச் செடி என்பது முக்கியம். இதற்கு முன்பு வீனஸ் பூச்சிப்பொறி என்ற இன்னொரு பூச்சியுண்ணும் செடியை வாங்கி ஆறே மாதத்தில் இழந்திருக்கிறேன். அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் கரோலினா கடலோரச் சதுப்பு நிலம். வருடத்தில் மூன்று நான்கு மாதம் குளிரில் உறங்கி எழ வேண்டிய செடி. சேலத்துத் தை மாதக் குளிர் அதற்குப் போதாது. அதனால் இந்த முறை வென்ட்ராட்டா என்ற கலப்பினத்தைத் தேர்ந்தெடுத்தேன். இதன் தாய் தந்தை இரண்டுமே பிலிப்பைன்ஸ் நாட்டுக் கெண்டிச் செடிகள். உறக்கம் தேவையில்லை, சூட்டையும் ஓரளவு தாங்கும்.

பார்சல் மூன்று நாள் பயணம் செய்து வந்தது. ஏழு இலைகள், நான்கு குடுவைகள். குடுவைகளுக்குள் இருந்த நீர் வழியிலேயே கொட்டிப்போய், இரண்டு காய்ந்திருந்தன. விற்றவர் நிழல் வலைக்குள், பனிபோல நீர் தெளித்து வளர்த்த செடி அது. அதை அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் காலையிலேயே மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மாலையில் வந்து பார்த்தால் மூன்று இலைகளில் வெந்தது போல வெளுத்த திட்டுகள். அம்மா பார்த்துவிட்டு, "பச்சப் புள்ளைய வெயில்ல கிடத்துன மாதிரி கிடத்திட்டியே கண்ணு" என்றார். அதற்கு மேல் சரியாக யாரும் சொல்ல முடியாது.

அதன் பிறகு நான் புரிந்துகொண்டதுதான் இந்த அனுபவத்தில் எனக்குப் பெரியது. நிழலில் விரிந்த இலை மெல்லியது. முழுதாக விரிந்து முடிந்த பிறகு எத்தனை நாள் பழக்கினாலும் அது வெயில் இலையாக மாறாது. புதிதாக வெளியே வந்து விரிகிற இலைதான் அந்த இடத்து வெளிச்சத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் தடித்து, சின்னதாக, சில நேரம் சிவப்போடி வரும். ஆக, செடி பழகுவது என்றால் பழைய இலைகளைக் கழித்துவிட்டுப் புது இலைகளைப் போட்டுக்கொள்வதுதான். என் செடிக்கு ஓர் இலை விரிய இரண்டு மூன்று வாரம் ஆனது. நான்கு புது இலை வருவதற்குள் இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. நாம் பழைய இலை மஞ்சளாவதைப் பார்த்துப் பயந்து, வெளியே இருந்து உள்ளே, உள்ளே இருந்து வெளியே என்று தூக்கிக்கொண்டே இருக்கிறோம். இடம் மாற மாற அது எந்த இடத்துக்குத்தான் இலை போடும்? நடுக் குருத்து பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும்.

சரி, நான் எப்படிப் பழக்கினேன்? கருகிய செடியை மாடிப்படி முடியும் இடத்தில், கூரை நிழலில் வைத்தேன். வெளிச்சம் நன்றாக வரும், நேர் வெயில் படாது. இரண்டு வாரம் அங்கேயே. துளை போட்ட பாலிதீன் பையால் மூடி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துளைகளைப் பெரிதாக்கி, பத்து நாளில் பையை எடுத்துவிட்டேன். பை நிழலில் மட்டும்தான். வெயிலில் பையோடு வைத்தால் செடி உள்ளேயே அவிந்துவிடும். அப்புறம் காலை 7 முதல் 8 மணி வரை இளவெயில். ஒரு வாரம் கழித்து 8.30 வரை. அதற்குள் பங்குனி வெயில் வந்துவிட்டதால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

மாசியில் தொடங்கினால் இதுதான் தொல்லை. செடி ஓர் இலை போடுவதற்குள் வெயில் இரண்டு படி ஏறிவிடுகிறது. ஆடியும் சரிப்படாது, அந்தக் காற்று குருத்துக் குடுவைகளை அவை ஊதிப் பெருப்பதற்கு முன்பே காயவைத்துவிடும். சேலத்துக்கு ஆவணி, புரட்டாசிதான் என் கணக்கில் சரியான மாதங்கள். மாலை மழை, காற்றில் ஈரம், வெயிலும் நாளுக்கு நாள் இறங்குமுகம்.

வந்த புதிதில் குடுவைகள் எல்லாம் காய்வது இயல்பு. ஈரக்காற்றில் வளர்ந்தவை வறண்ட காற்றைத் தாங்காது. எனக்கு மார்ச் கடைசிக்குள் நான்குமே போய்விட்டன. இலை பச்சையாக இருக்கிறவரை அதை வெட்டாதீர்கள், காய்ந்த குடுவையை மட்டும் நறுக்கினால் போதும். முதல் புதுக் குடுவை மூடி திறந்தது ஜூலையில். ஐந்து மாதக் காத்திருப்பு. அன்று வீட்டில் எல்லோரையும் மாடிக்கு அழைத்துக் காட்டினேன்.

தண்ணீர் விஷயத்தில் எந்தச் சமரசமும் கிடையாது. சத்தில்லாத மண்ணில் வாழப் பழகிய வேர் இது. உப்பு ஏறினால் இலை ஓரத்தில் இருந்து கருகும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்தேன். எங்கள் போர் தண்ணீர் 1100 பிபிஎம்முக்கு மேல். மேட்டூர் தண்ணீர் 200க்கு அருகே. வீட்டு ஆர்ஓ தண்ணீர் 50. பிடித்து வைத்த மழைத்தண்ணீர் 15, ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீரும் ஏறக்குறைய அதே அளவு. 50க்குள் இருந்தால் நல்லது. அதனால் மழைத்தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்துக்கொள்கிறேன். கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையை மட்டும் விட்டுவிடுவேன், அது கூரைத் தூசியோடு வரும். டிரம் தீர்ந்தால் ஆர்ஓ. கேன் தண்ணீரில் சில கம்பெனிக்காரர்கள் தாதுக்கள் சேர்ப்பார்கள், அளந்து பார்க்காமல் ஊற்றக் கூடாது. இன்னொன்று, வீனஸ் பூச்சிப்பொறிக்கு வைப்பது போல இதைத் தட்டில் தண்ணீர் தேக்கி நிற்க வைக்கக் கூடாது. மேலே இருந்து தாராளமாக ஊற்றி, கீழே முழுக்க வடிய விட வேண்டும்.

கலவையில் செம்மண், எரு எதுவும் இல்லை. தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசி, பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துகள், நன்றாக அலசிய தேங்காய் மட்டைத் துண்டுகள், அவ்வளவுதான். மட்டைத் துண்டிலும் உப்பு இருக்கும், மூன்று நான்கு நாள் ஊறவைத்துத் தண்ணீர் மாற்றித்தான் எடுத்தேன். செடியின் விலையை விடப் பாசியின் விலை எனக்கு அதிகமானது.

2024 கோடைதான் உண்மையான சோதனை. 40 டிகிரியைத் தாண்டிய நாட்கள் பல. இலைக்கு நிழல் வலை இருந்தது, ஆனால் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி தொட்டால் சுட்டது. வேர் வெந்தால் இலையைக் காப்பாற்றி என்ன பயன்? மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கிக் கழுவி, தொட்டியை அதற்குள் இறக்கி, சுற்றிலும் ஈரக் கோணி செருகினேன். அந்த ஒரு மாற்றத்தில் குருத்து வாடுவது நின்றது. ஏப்ரல் நடுவில் இருந்து ஜூன் முடியும் வரை ஒரு குடுவை கூட வரவில்லை. இலை மட்டும் சின்னச் சின்னதாக வந்துகொண்டிருந்தது. சேலத்தில் அந்த இரண்டரை மாதம் செடி ஓய்வெடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

2023 ஐப்பசியில் கொடியின் நுனியை வெட்டி, மூன்று கணுவோடு பாசியில் நட்டு, வேர் விட்டதும் ஏற்காட்டில் இருக்கும் அக்காவிடம் கொடுத்தேன். ஒரே செடி, இரண்டு ஊர். கீழே சுமார் 280 மீட்டர், மேலே சுமார் 1500 மீட்டர். அக்கா வீட்டில் சில்வர் ஓக் மரத்தின் சல்லடை நிழலில் தொங்கவிட்டார்கள். அங்கே சூடு பிரச்சினையே இல்லை, மார்கழி தையில் வளர்ச்சிதான் ஏறக்குறைய நின்றுபோனது. ஆனால் குடுவையின் நிறத்தைப் பார்க்க வேண்டும்! இங்கே வெளிறிய சிவப்பு, அங்கே கருஞ்சிவப்பு. இங்கே ஒரு குடுவை இரண்டு மாதம் தாங்கினால் அங்கே நான்கு மாதம். ஒரு நாள் குரங்குகள் இரண்டு குடுவைகளைப் பிடுங்கிவிட்டன, அதனால் இப்போது கம்பி வலைக்கூண்டுக்குள் தொங்குகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது அக்கா போனில், "ரோடே போச்சு, உன் செடி ஜம்முனு நனைஞ்சுட்டு நிக்குது" என்றார். கலவை வடிந்துகொண்டே இருந்ததால் வேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏற்காடு போகிறவர்கள் அங்குள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். மேகாலயா மலைகளுக்கே உரிய காசியானா கெண்டிச் செடி அங்கே உண்டு. இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் அதுதான். பன்னாட்டு வணிகத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில் இருப்பது. காட்டில் பிடுங்கியது என்று சந்தேகம் வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

உணவு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நான் எதுவும் போடுவதில்லை. விளிம்பில் சுரக்கும் தேனுக்கு எறும்புகள் தாமாகவே வருகின்றன. விளிம்பு ஈரமாக இருக்கும்போதுதான் நன்றாக வழுக்கும், அதனால் மழை பெய்த மறுநாள் உள்ளே எறும்பு அதிகம் கிடக்கும். இறைச்சித் துண்டு போட்டால் குடுவை அழுகிவிடும். உரமும் வேண்டாம். ஒரு முறை மாவுப்பூச்சி வந்தது. ஈரப் பஞ்சால் கணுக்களைத் துடைத்துத் துடைத்தே இரண்டு வாரத்தில் போக்கினேன்.

இந்த ஆவணியில் இன்னொரு கெண்டிச் செடி வாங்கினேன். இந்த முறை மாடிப்படி நிழலை விட்டு நகர்த்தவில்லை. நான்காவது வாரம் இது. வரும்போது இருந்த இலைகளில் இரண்டு மஞ்சளாகிவிட்டன, குடுவைகள் காய்ந்துவிட்டன. முந்தாநாள் முதல் புது இலை விரிந்தது. நுனிக் கம்பி லேசாகக் கீழே வளைந்து, முனையில் அரிசி அளவுக்குத் தடித்திருக்கிறது. நாளை காலை 7 மணிக்கு அதை ஒரு மணி நேரம் வெளியே வைக்கப் போகிறேன்.