85,000 ரூபாக்கு ஒரு ரப்பர்: பால்பல்லுக்குக் கிளிப் போடுவம் எண்டு சொன்னா அவதானம்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு தனியார் பல் கிளினிக். பேர் போடேல்லை, போட்டா வேற வில்லங்கம். அக்கா காலபோக நெல் வித்த காசில 85,000 ரூபாவை முழுசா ஒரே தரத்தில அங்க கட்டிப்போட்டு வந்திருக்கிறா. மகளுக்கு 8 வயசு.

பிள்ளையின்ர வாயில ரெண்டு விஷயம் இருந்தது. மேல் முன்பல்லு ரெண்டுக்கும் நடுவில நீக்கல். கீழ் வலப்பக்கம் கடைசிப் பால் கொடுப்புப்பல்லு சூத்தை. அவ்வளவுதான்.

முதலாவதுக்கு வைத்தியமே தேவையில்லை. மேல் முன்பல்லு 7, 8 வயசில முளைக்கேக்க விசிறி மாதிரி விரிஞ்சுதான் நிக்கும். வேட்டைப்பல்லு இன்னும் எலும்புக்குள்ள இருந்து பக்கத்துப் பல்லின்ர வேரை நெருக்கிக்கொண்டிருக்கும், அதாலதான். 11, 12 வயசில அது இறங்க, நீக்கல் அனேகமாத் தானா மூடும். 2 மில்லிமீற்றருக்குள்ள எண்டா பாத்துக்கொண்டிருக்கிறதுதான் சரி. இதை அங்க ஒருத்தரும் சொல்லேல்லை.

சொன்னது என்ன தெரியுமோ? "அம்மா, பால்பல்லு இருக்கேக்க எலும்பு இளக்கம். இப்ப செய்தா 85,000. விட்டா 14 வயசில கம்பி கிளிப், மூண்டு லட்சத்துக்கு மேல போகும். இண்டைக்கே கட்டினா 15,000 குறைச்ச விலை இது." பெரிய திரையில ஆற்றையோ பிள்ளையளின்ர முந்தின படம், பிந்தின படம். பிறகு பிள்ளையிட்டையே கேட்டவையாம், "உங்களுக்கு வடிவாச் சிரிக்க விருப்பமில்லையோ?" பிள்ளை கையால வாயைப் பொத்த, அக்கா காசை எடுத்து வைச்சிட்டா. தாய்மாரின்ர மனசு தெரிஞ்சு கதைக்கிற ஆக்கள்.

குடுத்தது பெட்டியில ரெடிமேட்டா வாற, வாய்க்குள்ள பல்லுக்கு மேல போடுற சிலிக்கன் ரப்பர். பகலில ஒரு மணித்தியாலம், இரவு முழுக்கப் போடவேணுமாம். பல்லின்ர அச்சு எடுக்கேல்லை, முழுத் தாடையும் ஒரே படத்தில தெரியிற ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுக்கேல்லை, மூக்கடைப்பு இருக்கோ எண்டும் கேக்கேல்லை. வாயால மூச்சு விடுற பிள்ளை அதை நித்திரையில துப்பிப்போடும். இவளும் ஒவ்வொரு இரவும் துப்பிறாள்.

கோபம் அதுக்கில்லை. அண்டைக்கே சூத்தைப் பல்லைப் பிடுங்கி, "பால்பல்லுதானே" எண்டு அனுப்பிவிட்டவை. அந்தப் பல்லின்ர இடத்துக்கு நிரந்தரப் பல்லு வாறது 11, 12 வயசில. அதுவரைக்கும் இடத்தைப் பிடிச்சு வைக்காட்டி, 6 வயசில முளைச்ச பெரிய கொடுப்புப்பல்லு முன்னுக்குச் சரியும். முதல் ஆறு மாசத்திலதான் கூடச் சரியும். பிறகு வாற பல்லுக்கு இடமில்லை, ஒண்டில் எலும்புக்குள்ள சிக்கும், இல்லாட்டி நாக்குப் பக்கமா முளைக்கும். இதுக்கு ஒரு சின்னச் சாமான்தான் வேணும்: பெரிய பல்லைச் சுத்தி ஒரு உலோக வளையம், அதில இருந்து முன் பால்பல்லைத் தொடுற மாதிரி ஒரு கம்பி வளைவு. அச்சு எடுத்துச் செய்து சீமெந்தால ஒட்டுறது. தானா மூடுற நீக்கலுக்கு 85,000 வாங்கினவை, மூடவே கூடாத இடத்தை அப்படியே விட்டிட்டினம். இப்ப பெரிய பல்லு சரியத் தொடங்கியிட்டுது.

கேக்கப் போனா, "டொக்டர் கொழும்பால வரேல்லை." அடுத்த முறை, "சனிக்கிழமை வாங்கோ." சனிக்கிழமை போனா, "பிள்ளை ஒழுங்காப் போடேல்லை, அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" வட்ஸ்அப்பில நீலக்குறி விழுது, பதில் இல்லை. காசைக் கேட்டா, "திருப்பித் தாறதில்லை, பிறகு கம்பி கிளிப் போடேக்க கழிச்சு விடுவம்." கம்பி கிளிப் தேவைப்படாது எண்டு சொல்லித்தானே 85,000 வாங்கினீங்கள்! ரசீது எண்டு தந்த துண்டில "அட்வான்ஸ்" எண்டு மட்டும் கிடக்கு. டொக்டரின்ர பேருமில்லை, பதிவு இலக்கமுமில்லை.

பால்பல்லு வயசில கிளிப் வேண்டாமெண்டு சொல்ல வரேல்லை. கடிக்கேக்க மேல் முன்பல்லு கீழ்ப் பல்லுக்கு உள்ளால போனா, தாடை ஒரு பக்கம் இழுபட்டுக் கடிச்சா, நிரந்தரப் பல்லு வந்த பிறகும் விரல் சூப்பிறது நிக்காட்டி, முன்பல்லு நல்லா வெளியால நீண்டு விழுந்து உடையிற ஆபத்திருந்தா, அப்ப கெதியாக் காட்டத்தான் வேணும். 7 வயசில ஒருக்காக் காட்டுறதும் நல்லது. ஆனா காட்டுறது வேற, காசு கட்டுறது வேற.

விரிவா எழுத இருந்தனான், இப்ப ஏலாது. சுருக்கமா: எக்ஸ்ரேயும் அச்சும் இல்லாமல் காசு கட்டாதேங்கோ. "இண்டைக்கே" எண்டா எழும்பி வாங்கோ. டொக்டரின்ர இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தைக் கேளுங்கோ. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில முதல் காட்டுங்கோ, அங்க சூத்தை அடைக்கக் காசு வாங்கமாட்டினம். பல் சீரமைப்பு நிபுணர் வேணுமெண்டா அரசாங்க ஆஸ்பத்திரியால யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கலாம். வரிசை நீளம்தான், எண்டாலும் 85,000 போகாது.

பால் கொடுப்புப்பல்லுப் பிடுங்கின பிள்ளை வீட்டில இருந்தா, அந்த இடம் எவ்வளவு மிச்சமிருக்கு எண்டு இந்தக் கிழமையே ஒரு டென்டிஸ்ட்டிட்ட அளக்கச் சொல்லுங்கோ.