தலைக்காயத்துக்குப் பின் புரையேறாமல் குடிக்க: திக்கன்அப் கிளியர் பவுடர்

கார் விபத்தில் மூளை அடிபட்டவர்களில் பலருக்கு வெறும் தண்ணீரே புரையேறும். சிலருக்கு இருமல்கூட வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அதனால்தான் தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

திக்கன்அப் கிளியர், சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் பசை சேர்ந்த பவுடர். மாவுச்சத்து பவுடரைவிட இதையே வாங்குங்கள். மாவுச்சத்து எச்சில் பட்டால் நீர்த்துவிடும், டம்ளரில் இருந்தால் இறுகிக்கொண்டே போகும். இதில் அந்த இரண்டு தொல்லையும் இல்லை.

ஈரமில்லாத டம்ளரில் முதலில் பவுடர், பிறகு தண்ணீர். முள்கரண்டியால் வேகமாகக் கலக்குங்கள். மெதுவாகக் கலக்கினால் கட்டி தட்டும். கெட்டியான பிறகு மேலே பவுடர் தூவவே கூடாது. அந்தக் கட்டிகளே தொண்டையில் சிக்கும். பாலில் கெட்டியாக அதிக நேரம் பிடிக்கும்.

பவுடரோடு வரும் அளவுக் கரண்டியில் 1.2 கிராம் பிடிக்கும். குவிக்காமல் தலைதட்டி எடுங்கள். பதம் சரியா என்று பார்க்க, 10 மி.லி. சிரிஞ்சில் நிரப்பி 10 விநாடி ஒழுகவிடுங்கள். கெட்டித்தன்மையை நிலை எண்ணால் சொல்வார்கள்; எண் கூடினால் கெட்டி கூடும். சிரிஞ்சில் 4 முதல் 8 மி.லி. மிஞ்சினால் இரண்டாம் நிலை, அதற்கு மேல் மிஞ்சி இன்னமும் ஒழுகினால் மூன்றாம் நிலை. எந்த நிலை தேவை என்பதை விழுங்கு பயிற்சியாளர்தான் சொல்ல வேண்டும்.

குறை: விலை அதிகம். வழுவழுப்பு பிடிக்காமல் நோயாளி குறைவாகக் குடிப்பார். சிறுநீர் அடர் மஞ்சளானால் உடலில் தண்ணீர் குறைகிறது என்று அர்த்தம், உடனே கவனியுங்கள்.