எழுதிய நாளும் நடந்த நாளும்: டேட்டோமிக்குடன் இரண்டரை ஆண்டுகள்

அம்பாசமுத்திரம் பக்கத்தில் உள்ள ஓர் அரிசி ஆலைக்கும், பாளையங்கோட்டையில் இருக்கும் அதன் விற்பனை அலுவலகத்துக்கும் கணக்கு மென்பொருள் எழுதிப் பராமரிப்பது என் வேலை. 2023 ஏப்ரலில் டேட்டோமிக் தரவுத்தளம் கட்டணமின்றிக் கிடைக்கத் தொடங்கியதும், அதுவரை போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளத்தின் அட்டவணைகளில் எழுதிவந்த கணக்கை அவ்வாண்டு ஜூனில் அதற்கு மாற்றினேன். போஸ்ட்கிரெஸ் போய்விடவில்லை, டேட்டோமிக் தன் தரவை வைக்கும் கிடங்காக அடியில் அதுவே இருக்கிறது.

குளோஜர் என்ற நிரல்மொழியை உருவாக்கிய ரிச் ஹிக்கியும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட டேட்டோமிக் எதையும் அழித்து எழுதுவதில்லை. எந்தப் பொருள், அதன் எந்தப் பண்பு, என்ன மதிப்பு, எந்தப் பதிவில் வந்தது, சேர்ப்பா நீக்கமா என்ற ஐந்து கூறுகள் கொண்ட ‘டேட்டம்’ என்னும் சிறு செய்தியாகவே ஒவ்வொன்றும் சேர்கிறது. மூட்டை விலையை 1,450 ரூபாயிலிருந்து 1,480 ஆக்கினால், பழைய விலை நீங்கியது என ஒரு டேட்டமும் புதியது வந்தது என இன்னொன்றும் அடுத்தடுத்து நிற்கும். வந்த வரிசையில் எழுதப்படும் லாக் ஒருபுறமும், அதையே தேடுவதற்கு வசதியாக அடுக்கிய இன்டெக்ஸ்கள் மறுபுறமும் இருக்கின்றன. ஆலையின் பழைய கணக்கப்பிள்ளைக்கு இதை விளக்கியபோது, “இது நம்ம நாள்வழியும் பேரேடும்தானவே” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் இன்னும் எங்கும் படிக்கவில்லை.

எழுதும் உரிமை டிரான்சாக்டர் என்ற ஒரே நிரலுக்கு மட்டும் உண்டு. படிப்பவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நமது மென்பொருளுக்குள்ளேயே ‘பியர்’ என்ற நூலகமாக இயங்கும் பகுதி, கிடங்கிலிருந்து வேண்டிய துண்டுகளைத் தானே எடுத்து, தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு வினவலுக்கு விடை தேடுகிறது. அந்தத் துண்டுகள் ஒருபோதும் மாறாதவை என்பதால், வைத்திருக்கும் பிரதி பழையதாகிவிட்டதோ என்ற கவலைக்கு இடமில்லை. மலைப்பக்கம் மழை பெய்து இணைப்பு அறுந்துபோகும் நாட்களில் ஆலையில் ஏற்கெனவே பார்த்திருந்த கணக்குகளைத் தொடர்ந்து பார்க்க முடிந்தது; புதிய பதிவு போட முடியவில்லை, அதுவரை பார்க்காத பக்கங்களும் வரவில்லை. பரவிக்கிடக்கும் தரவுத்தளம் என்றவுடன் எங்கிருந்தும் எழுதலாம் என்று எண்ணி வருபவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில்தான் இதன் அருமையும் குறையும் ஒருசேரத் தெரிந்தன. தாமிரபரணி பெருகி, ஆலையின் குடோனுக்குள்ளும் தண்ணீர் வந்துவிட்டது. அலுவலகத்தில் மின்சாரம் இல்லாததால், மதுரையில் இருந்த பேக்கப்பிலிருந்து முழு வரலாற்றோடும் தரவுத்தளத்தை மீட்டேன். இழப்பீட்டுக்காக 17ஆம் தேதி இரவு இருப்பில் எத்தனை மூட்டை என்று கேட்டார்கள். தரவுத்தளம் முன்பு ஒரு நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே காட்டும் ‘ஆஸ்-ஆஃப்’ என்ற வசதி இந்தக் கேள்விக்காகவே பிறந்ததுபோல இருக்கிறதே என்று நம்பிக்கையோடு வினவினேன். வந்த விடை 420 மூட்டை கூடுதலாக இருந்தது. 16ஆம் தேதி மாலை இரண்டு லாரிகளில் அரிசி வெளியேறியிருந்தது. அதற்கான சீட்டுகள் கணினியில் ஏறியதோ 22ஆம் தேதி. டேட்டோமிக் பொய் சொல்லவில்லை. 17ஆம் தேதி இரவு தனக்குத் தெரிந்திருந்ததை அது சொன்னது; நாங்கள் கேட்டது அன்று குடோனில் உண்மையில் இருந்ததை. கணக்கப்பிள்ளை லோடு புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திராவிட்டால், இல்லாத சரக்குக்கு இழப்பீடு கேட்டிருப்போம்.

பதிவு நேரத்தை நாமே குறிப்பிட வழி இருக்கிறது. ஆனால் அது முந்தைய பதிவின் நேரத்துக்கு முற்பட்டதாக இருக்கக் கூடாது. ஆகவே பின்தேதி போடுவது நடக்காது. அன்றிலிருந்து எல்லா வரவு செலவுக்கும் ‘நடந்த நாள்’ என்ற தனிப் பண்பை வைத்து, இருப்பை அதைக் கொண்டே கணக்கிடுகிறோம். ஆஸ்-ஆஃப் தகராறுகளுக்கு மட்டும்: விற்ற விவசாயி, அன்று தனக்குக் காட்டிய விலை வேறு என்று சொன்னால், அன்று திரையில் என்ன இருந்தது என்பதை அரை நிமிடத்தில் காட்டிவிடலாம். எழுதிய நாள், நடந்த நாள் என்ற இரண்டு காலத்தையும் தரவுத்தளமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு எக்ஸ்டிடிபி என்ற இன்னொரு தரவுத்தளம் பொருந்தும். இன்று தொடங்குவதாக இருந்தால் நானும் அதைத்தான் முதலில் சோதித்துப் பார்த்திருப்பேன்.

எதிர்பாராத பயன் ஒன்றும் கிடைத்தது. டேட்டோமிக்கில் பதிவும் ஒரு பொருளே. ஆகவே யார் எழுதினார், ஏன் திருத்தினார் என்பதை அதன்மேலேயே ஒட்டிவைக்கலாம். அந்த 420 மூட்டைக்கான பதிவில் ‘வெள்ளத்தால் தாமதம்’ என்று எழுதியிருந்தது, விசாரணைக்கு வந்தவரிடம் நீண்ட விளக்கம் சொல்லும் வேலையைக் குறைத்தது. வரலாற்று வினவலைவிட இதைத்தான் நாள்தோறும் பயன்படுத்துகிறோம்.

செலவும் உண்டு. எடைமேடையின் நொடிக்கு நொடி மாறும் அளவைத் தெரியாத்தனமாக இதில் எழுதிவிட்டு, கிடங்கு வீங்கிய பிறகே அந்தப் பண்புக்கு வரலாறு வேண்டாம் என்று குறித்தேன்.

அழிப்பதுதான் கடினம். ஒரு விவசாயி தம் பழைய வங்கிக் கணக்கு எண்ணை நீக்கச் சொன்னார். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்தாலும் அது நியாயமான கோரிக்கையே. அதற்கென உள்ள ‘எக்சிஷன்’ கட்டளை வரலாற்றிலிருந்தே வெட்டி எடுக்கும். ஆனால் உடனே அல்ல, அடுத்த இன்டெக்ஸ் கட்டப்படும்போதுதான். வெட்டச் சொன்னோம் என்ற குறிப்பு மட்டும் நிலைத்திருக்கும். வேலை முடிந்தது என்று அவரிடம் சொல்லிவிட்டு, மதுரையில் இருந்த பழைய பேக்கப்பைத் திறந்து பார்த்தேன். எண் அங்கே அப்படியே இருந்தது. அந்தப் பேக்கப்பை முழுவதும் அழித்து, வேறிடத்தில் புதிதாக எடுத்து வைத்த பிறகே அவரை மறுபடி தொலைபேசியில் அழைத்தேன்.