கைலாயத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சேலத்தில் கைலாய யாத்திரைக்கு ஆள் சேர்க்கிற ஒருவரிடம் நானும் என் மச்சானும் 2025-இல் தலைக்கு 1,85,000 ரூபாய் கட்டினோம். கைலாயத்தைப் பார்க்கவில்லை. காட்மாண்டுவில் ஆறு நாள் லாட்ஜ் சுவரைப் பார்த்துவிட்டு வந்தோம். வழக்கு நடப்பதால் ஆளின் பெயரைப் போடவில்லை. அவர் பேச்சைப் போட்டாலே கட்டியவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும்.

"சாமி, பணம் இருந்தா மட்டும் போக முடியாதுங்க. அவன் கூப்பிடணும்."

முதல் நாள் இதைக் கேட்டு மச்சான் கண்கலங்கிவிட்டார். செவ்வாய்ப்பேட்டையில் முப்பது வருடம் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்து சேர்த்த பணம் அது. ஐந்து வருடம் மூடிக் கிடந்த யாத்திரை அந்த வருடம்தான் திறந்தது. விடக்கூடாது என்று இருவரும் ஞாயிறுதோறும் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை நடந்து பழகினோம். சேர்வராயன் கோயில் வரை போய்த் தேங்காய் உடைத்துவிட்டு பஸ்ஸில் இறங்குவோம். "ஏற்காடு ஏறினவருக்குக் கைலாசம் ஒண்ணுமில்லீங்க" என்றார் அந்த ஆள். சேர்வராயன் உச்சி 5,300 அடி. கைலாயத்தைச் சுற்றி வரும் பரிக்கிரமா பாதையில் டோல்மா கணவாய் 18,000 அடிக்கு மேல். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் இங்கே இருப்பதில் பாதிதான். அவர் கொடுத்த பயணத் திட்டத்தில் உடம்பு பழகுவதற்கென்று ஒரு நாள்கூட இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எங்கள் குழுவில் 72 வயது அம்மா ஒருவர் இருந்தார். வெளியுறவு அமைச்சகம் நடத்தும் யாத்திரையில் 70 வயதுக்கு மேல் சேர்க்கவே மாட்டார்கள். இந்த ஆள் வயதைக் கேட்கக்கூட இல்லை.

அரசு வழியில் அந்த வருடம் லிபுலேக் கணவாய் வழியாக 5 குழு, நாதுலா வழியாக 10 குழு, குழுவுக்கு 50 பேர். குலுக்கலில்தான் பெயர் வரும். வராதவர்கள் எல்லாம் தனியாரைத் தேடி நேபாள வழிக்கு வருகிறோம். இவரைப் போன்றவர்களுக்கு அந்த ஏக்கம்தான் முதலீடு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை 8-ஆம் தேதி வெள்ளத்தில் நேபாள-திபெத் எல்லையிலிருந்த ரசுவாகடி பாலம் அடித்துக்கொண்டு போனது. எங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். ஆகஸ்ட் முதல் வாரம் மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டார். மாதக் கடைசியில் காட்மாண்டு போய் இறங்கிய பிறகுதான் "பாலம் போயிடுச்சுங்க சாமி, வேற வழி பாக்கறேன்" என்றார். நான்காம் நாள் குழு விசாவைக் காட்டச் சொன்னேன். திபெத்துக்குத் தனித்தனி விசா கிடையாது. எல்லாருடைய பெயரும் ஒரே தாளில் இருக்கும். அந்தத் தாள் வந்துகொண்டே இருக்கிறது என்றார். திபெத் அனுமதிச் சீட்டின் நகலாவது காட்டுங்கள் என்றேன். அப்போதுதான் அந்த வார்த்தை மறுபடி வந்தது.

"அப்பருக்கே கயிலை கிடைக்கலீங்க. திருவையாத்துலதானே காட்சி கொடுத்தான்? அவன் கூப்பிடலைன்னா நான் என்ன செய்ய?"

குழுவில் பாதிப் பேர் இதற்குத் தலையாட்டினார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அப்பர் கால் தேய நடந்து, கை தேயத் தவழ்ந்து, உடம்பால் உருண்டு போனவர். அவரிடம் யாரும் 1,85,000 வாங்கவில்லை.

ஆறாம் நாள், தலைக்கு இன்னும் 12,000 கொடுத்தால் முக்திநாத் கூட்டிப் போகிறேன் என்றார். திவ்ய தேசம்தான், புண்ணியம்தான். ஆனாலும் சிவனைப் பார்க்கக் கிளம்பினவர்களைப் பெருமாளிடம் அனுப்ப இவர் யார்? எட்டுப் பேர் போனார்கள். நாங்கள் ஊர் திரும்பினோம்.

ரசீதைப் பாருங்கள், ஆள் எவ்வளவு விவரம் என்று தெரியும். யாத்திரைக் கட்டணம் என்று எங்கும் இல்லை. ஒரு அறக்கட்டளை பெயரில் "நன்கொடை" என்று எழுதியிருக்கிறது. நன்கொடையைத் திருப்பிக் கேட்க முடியுமா என்பது அவர் வக்கீலின் வாதம். வாட்ஸ்அப்பில் "யாத்திரை மீதித் தொகை" என்று அவரே அனுப்பிய குரல் பதிவுதான் இப்போது எங்களுக்குப் பிடி. நீங்கள் கட்டுவதாக இருந்தால் ரசீதில் யாத்திரை, தேதி, பாதை, ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அனுமதிச் சீட்டில் உங்கள் பெயரைப் பார்க்காமல் மீதியைக் கொடுக்காதீர்கள். அறநிலையத் துறை மானியத்தைக் காட்டி "50,000 திரும்பி வந்துடும்" என்பார். அது போய்வந்த பிறகு நாமே விண்ணப்பிப்பது, அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கைப் பேருக்குத்தான். அவர் தருகிற தள்ளுபடி அல்ல.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அவர் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

போன பிரதோஷத்தன்று சுகவனேஸ்வரர் கோயில் வாசலில் ஒரு பையன் என் கையிலும் நோட்டீஸ் திணித்தான். "அவன் அழைக்கிறான்" என்று மேலே பெரிதாகப் போட்டிருந்தது. கீழே போன் நம்பர் மட்டும் புதிது.