‘லயன் கிங்’ பார்க்கப் போகும் மாலை: சாப்பாடு எங்கே, எத்தனை மணிக்கு?

அம்மாவும் அப்பாவும் மதுரையிலிருந்து வந்திருந்தபோது, ஒரு மாலையாவது அவர்களை லண்டன் நாடக அரங்கில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. எந்த நாடகம் என்பதில் குழப்பமே இல்லை. வசனம் பாதி புரியாவிட்டாலும் கண்ணும் காதும் நிறைந்துவிடும் என்பதால், லைசியம் அரங்கில் 1999 முதல் நடந்துவரும் ‘லயன் கிங்’தான். குழப்பமெல்லாம் சாப்பாட்டில். ஏழரைக்குத் தொடங்கினால் முடிய மணி பத்தாகிவிடும். எப்போது, எங்கே சாப்பிடுவது?

மூன்று வழி உண்டு. கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் நம் ஊர் ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறலாம். அரங்குக்குப் பக்கத்திலேயே, நாடகம் பார்க்க வருபவர்களுக்கென்று சாயங்காலம் மட்டும் தரும் செட் மெனுவைச் சாப்பிடலாம். நாடகம் முடிந்தபின் சாப்பிடலாம். மூன்றையும் ஒவ்வொரு சமயத்தில் செய்து பார்த்துவிட்டேன். இப்போது யார் கேட்டாலும் இரண்டாவதைத்தான் சொல்கிறேன், ஒரே நிபந்தனையோடு: மேஜை ஐந்தேகாலுக்கு இருக்க வேண்டும்.

கடைசி வழியை முதலில் முடித்துவிடுகிறேன். பத்து மணிக்கு மேல் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். சைனாடவுன் பக்கம் போனால் கிடைக்கும். வயதில் சின்னவர்கள், இரவு பதினொன்றுக்குச் சாப்பிட்டுப் பழகியவர்கள் என்றால் தாராளமாகப் போகலாம். மாத்திரை போடும் பெற்றோரோடு போனால் வேண்டாம்.

ஈஸ்ட் ஹாம் வழிக்கு நியாயம் நிறைய இருக்கிறது. ஏழு பவுண்டுக்குள் ஒரு நல்ல தோசை. அம்மா சாம்பாரை முகர்ந்து பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார். முட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியதில்லை. டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் மாறாமல் டெம்பிள் நிலையம், அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் அரங்கம். கணக்குப் போட்டால் பிசகே இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் ரயிலும் இருக்கிறது. சிக்னல் கோளாறு என்று வழியில் பத்து நிமிடம் நிறுத்துவார்கள். சில சனி, ஞாயிறுகளில் தண்டவாள வேலை என்று லைனையே மூடிவிடுவார்கள். வேறு எங்கே போவதென்றாலும் அந்தப் பத்து நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த நாடகத்துக்கு மட்டும் முடியாது.

ஏன் என்றால், இதன் உச்சமே முதல் பாட்டுதான். விளக்கு அணைந்ததும் ஒரு பெண் குரல் ஜூலு மொழியில் உரக்க அழைக்கிறது. மேடைக்கு இரண்டு பக்கமும் மாடம் போல இருக்கும் பாக்ஸ்களில் தாளவாத்தியக்காரர்கள் அடிக்கத் தொடங்குகிறார்கள். பின்னால் கதவு திறந்து, ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைகளுக்கு நடுவே நடைபாதையில் யானை வருகிறது, நான்கு காலுக்கும் ஒவ்வோர் ஆள். மேடையில் ஒட்டகச்சிவிங்கிகள்: காலிலும் கையிலும் கட்டை கட்டிக்கொண்ட ஆட்கள். மிருகத்தை ஆட்டுகிற ஆளை மறைக்கவே மாட்டார்கள். சிங்கத்தின் முகமூடி தலைக்கு மேலே இருக்கும், அதற்குக் கீழே நடிகரின் முகம் தெரியும். ஜூலி டேமோர் என்ற இயக்குநர் அப்படித்தான் அமைத்திருக்கிறார். இதெல்லாம் முதல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தாமதமாக வருபவர்களை அந்த நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். விடவும் முடியாது, அதே நடைபாதையில் யானை வந்துகொண்டிருக்கும்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் நானும் கணவரும் முதல்முறை போனபோது, பக்கத்தில் ஓர் உணவகத்தில் ஆறேகாலுக்கு மேஜை சொல்லியிருந்தோம். சாப்பாடு ருசியாகவே இருந்தது. பில் வரத்தான் இருபது நிமிடம் ஆனது. கேட்டோம், மறுபடி கேட்டோம், கடைசியில் நானே கல்லாவுக்குப் போய் நின்றேன். ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது மணி 7:34. கதவுக்கு அந்தப் பக்கம் தாளச் சத்தம், இந்தப் பக்கம் நாங்கள். உள்ளே விட்டு நாங்கள் உட்கார்ந்தபோது யானை போய்விட்டிருந்தது. டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் அப்படியொன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சத்தத்தைக் கதவு வழியாகக் கேட்டதுதான் இன்னும் மனதில் இருக்கிறது.

ஆகவே இந்த மூன்று வழிகளையும் ருசியைக் கொண்டோ விலையைக் கொண்டோ நான் எடை போடுவதில்லை. கடைசி வாய் சாப்பிட்டதற்கும் ஏழரைக்கும் நடுவே கையில் எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது, அதில் எவ்வளவு நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது? அரங்குக்குப் பக்கத்தில் ஐந்தேகாலுக்கு உட்கார்ந்தால் ஆறரைக்கு எழுந்துவிடலாம். பில் இருபது நிமிடம் தாமதமானாலும் மிச்சம் நாற்பது நிமிடம். அந்த நாற்பதும் வீணாவதில்லை. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பெண்கள் கழிப்பறையில் இடைவேளை வரிசை அசாத்திய நீளம் என்பதால் முன்னாலேயே போய்விட்டு வருவது நல்லது. முழங்கால் வலி உள்ளவர் ஒவ்வொரு படியாக இறங்கவும் நேரம் வேண்டும். ஆறேகால் மேஜையில் இது எதற்கும் இடமில்லை.

ஐந்தேகால் என்றதும் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “அஞ்சு மணிக்கு யாராச்சும் ராத்திரிச் சோறு சாப்பிடுவாங்களாடி?” என்றார். ராத்திரிச் சோறு இல்லம்மா, சாயங்கால டிபன்னு வெச்சுக்கோ என்றேன். வீட்டில் தயிர்சாதம் பிசைந்து மூடி வைத்திருந்தேன், திரும்பி வந்து சாப்பிட. அதைக் காட்டிய பிறகுதான் கிளம்பினார். ஜூன் மாதம், ஐந்தேகாலுக்கு வெயில் சுள்ளென்று அடித்ததால் டிபன் நேரம் போலவேதான் இருந்தது.

முன்பென்றால் ஸ்ட்ராண்ட் தெருவிலேயே, அரங்கிலிருந்து சில நிமிட நடையில், மாடிப்படி ஏறினால் இந்தியா கிளப்பில் தோசையே கிடைத்தது. 1951-ல் தொடங்கியதை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். இன்றும் இருந்திருந்தால் அம்மாவை அங்கேதான் கூட்டிப்போயிருப்பேன். இப்போது கோவென்ட் கார்டன் பக்கம் ஓர் இத்தாலியன் இடம். தலைக்கு 28 பவுண்டு, இரண்டு வகை. அதற்கு மேல் சேவைக் கட்டணம் பன்னிரண்டரை சதவீதம். செட் மெனுவில் சைவத்துக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும் என்பதால் முந்தின நாளே போன் செய்து கேட்டுக்கொண்டேன். முட்டை மட்டுமில்லை, பார்மசான் சீஸில் பாலை உறையவைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் சேர்ப்பார்கள், அதையும் தவிர்க்கச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் காளான் ரிசொட்டோ வந்தது. இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, “வெண்பொங்கல்தானே இது, மிளகுதான் கம்மி” என்று மிளகுத் தூளை வாங்கித் தூவிக்கொண்டு தட்டைக் காலி செய்தார். உட்கார்ந்தவுடனே “ஏழரைக்கு நாடகம்” என்று பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டேன். பில்லைச் சாப்பாட்டோடு சேர்த்தே கேட்டேன். ஆறரைக்குத் தெருவில் இருந்தோம்.

அப்பா வழியெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் வளர்ந்தது வேறு கணக்கில். திருவிழாவில் வள்ளி திருமணம் என்றால் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு பத்து மணிக்குப் போவார்கள். முதலில் பபூன் வந்து ஆடிப் பாடிக் கூட்டத்தைச் சேர்ப்பார். விடிய விடிய நடக்கும், யார் எப்போது வந்தாலும் இடம் உண்டு. “இங்க பபூன் கெடையாதா?” என்று கேட்டார். இங்கே யானையே முதலில் வந்துவிடும் என்றேன்.

வந்தது. நாங்கள் ஸ்டால்ஸில், அதாவது கீழ்த்தளத்தில், நடைபாதை ஓரம். ஸ்டால்ஸ் விலை அதிகம், அந்த ஓர இருக்கைகளுக்காகத்தான் கொடுத்தேன். மேலே ராயல் சர்க்கிளில் மேடை முழுசாகத் தெரியும். அதற்கும் மேலே கிராண்ட் சர்க்கிள் செங்குத்து, வயதானவர்களுக்கு வேண்டாம். யானை அப்பாவின் தோளுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. உள்ளே இருந்தவரின் நெற்றி வியர்வை தெரிந்தது. அப்பா என் காதில், “நம்ம பொய்க்கால் குதிரை மாதிரியே, ஆளும் தெரியுது மிருகமும் தெரியுது” என்றார். அம்மா அழுதுகொண்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்கும் கண் நிறைந்திருந்தது.

நாலாவதாக ஒரு வழியும் உண்டு, சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை இரண்டரை மணி மேட்டினி பார்த்துவிட்டு, வெளியே வந்து ஆற அமரச் சாப்பிடுவது. வேறொரு நாடகத்துக்கு ஒரே ஒரு முறை அப்படிப் போனேன், சௌகரியமாகத்தான் இருந்தது. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே ஏற்றது என்று தோன்றுகிறது. நான் குழந்தைகளோடு போனதில்லை என்பதால் அழுத்திச் சொல்ல மாட்டேன். மத்தியானச் சாப்பாட்டைப் பன்னிரண்டுக்கே முடித்தாக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள், பில் அங்கேயும் தாமதமாகலாம்.

வீடு வந்து சேர பதினொன்றாகிவிட்டது. தயிர்சாதத்துக்கு மாவடு எடுத்து வைத்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே மேஜையில் விரலால் அந்த முதல் பாட்டின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.