‘போர்டு போயிடுச்சு’ என்று சொல்லி 8,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

சென்னை ரிச்சி தெருவில் லேப்டாப் ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். லேப்டாப்பின் முக்கிய சர்க்யூட் பலகையான மதர்போர்டை மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லி என்னிடம் 8,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். நேற்றுதான் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

விண்டோஸ் அப்டேட்டோடு பயாஸ் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம்) அப்டேட்டும் தானாக இறங்கி, ரீஸ்டார்ட் ஆகும்போது பாதியில் நின்றுவிட்டது. ஃபேன் சுற்றும், கேப்ஸ் லாக் விளக்கு மினுக்கும், திரை இருட்டு. வீட்டிலிருந்தே சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். 20ஆம் தேதிக்குள் ரிட்டர்ன் போட வேண்டும். பெரம்பூரில் வழக்கமாகப் பார்க்கும் அண்ணன் ஊருக்குப் போயிருந்தார். அதனால்தான் ரிச்சி தெருவில் மாடியில் இருக்கும் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன்.

கவுன்டரில் இருந்தவர் அவ்வளவு பொறுமையாகப் பேசினார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். "போர்டு போயிடுச்சுக்கா, மாத்தித்தான் ஆகணும். உங்க டேட்டாவுக்கு நான் பொறுப்பு" என்றார். எல்லாருடைய கணக்கும் இதில்தான் இருக்கிறது என்றேன். தன் தங்கையும் ஆடிட்டர் ஆபீஸில்தான் இருக்கிறாள், அந்த டென்ஷன் தனக்குத் தெரியும் என்றார். அந்தப் பேச்சில்தான் நம்பினேன். 8,500 ரூபாயையும் அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன்.

லேப்டாப் ஆன் ஆனது. ஆனால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. அப்புறம் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை என்றது. பயாஸில் சீரியல் நம்பர் இருக்கும் இடம் காலி. போன் செய்தால் "புது போர்டுன்னா அப்படித்தான்கா." பழைய போர்டைக் கேட்டால் "எக்ஸ்சேஞ்ச்ல போயிடுச்சு." மறுபடி கேட்டால் டெக்னீஷியன் சாப்பிடப் போயிருக்கிறார், முதலாளி வெளியூரில் இருக்கிறார்.

பெரம்பூர் அண்ணன் வந்ததும் திறந்து பார்த்தார். போன வருஷம் ஃபேன் மாற்றியபோது அவர் மார்க்கரில் போட்ட குறி போர்டில் அப்படியே இருக்கிறது! எட்டுக் கால் பயாஸ் சிப்பைச் சுற்றி மட்டும் புதிதாகச் சூடு வைத்த தடம். அப்டேட் பாதியில் நின்றதால் அந்தச் சிப்பில் இருந்த புரோகிராம்தான் கெட்டிருக்கிறது, போர்டு நன்றாகவே இருந்திருக்கிறது. சிப்பில் எழுதும் கருவியான புரோகிராமரில் மாட்டிச் சரியான ஃபைலை எழுதினால் போதும். அவர் இதற்கு வாங்குவது 1,000 ரூபாய். இவர்கள் சிப்பில் இருந்ததைச் சேமித்துக்கூட வைக்காமல் எங்கிருந்தோ எடுத்த ஃபைலை ஏற்றியிருக்கிறார்கள். அதில்தான் என் சீரியல் நம்பரும் விண்டோஸ் லைசன்ஸ் கீயும் போயின.

நேரில் போய்க் கேட்டதற்கு, "வெளியில திறந்துட்டீங்க, வாரண்டி போச்சு" என்றார், அன்று தண்ணீர் கொடுத்த அதே ஆள். என் 8,500 ரூபாய்க்கு என் கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. இப்போது என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை. சில எச்பி மாடல்களில் கீபோர்டில் விண்டோஸ் கீயையும் பி (B) கீயையும் அழுத்திக்கொண்டு பவர் பட்டனை அழுத்தினால் பயாஸ் தானாக மீளும். சில டெல் மாடல்களில் கன்ட்ரோல், எஸ்கேப். முதலில் அதைப் பாருங்கள். சிப்பை ரீபுரோகிராம் செய்து பார்த்தீர்களா என்று கேளுங்கள், பழைய ஃபைலைச் சேமிக்கச் சொல்லுங்கள். போர்டைப் போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் வேண்டாம். பழைய போர்டு கைக்கு வராமல் போர்டு மாற்றியதாக யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்துவிட்டேன்.